வெற்றிலை வைக்காத நோட்டீஸ்

பரமத்தி வேலூர்க் கடைவீதியில், பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே ஒரு பலகை தொங்கியது. மேல் வரியில் இங்கிலீஷிலும் கீழ் வரியில் தமிழிலும் 'வேலூர் வெற்றிலை வியாபாரக் கம்பெனி, லிமிடெட்' என்று எழுதியிருந்தது. கம்பெனிச் சட்டப்படி ஆபீசுக்கு வெளியே, தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி, இரண்டு மொழியிலும் பெயர் இருந்தாக வேண்டும். அதற்காகவே அங்கமுத்து நாமக்கல்லிலிருந்து பெயிண்டரைக் கூட்டிவந்தார். இடம் போதவில்லை என்று 'லிமிடெட்'டை விட்டுவிடப் பார்த்தவனை, அது இல்லாவிட்டால் அபராதம் என்று சொல்லி, எழுத்தைச் சிறிதாக்கியாவது எழுத வைத்த பிறகுதான் ஏணியிலிருந்து இறங்கவிட்டார்.

ஊரில் யாரும் அந்தப் பலகையைப் படித்ததாகத் தெரியவில்லை. வெற்றிலை கொண்டுவருகிறவர்கள், பரிசல்காரர்கள், பக்கத்துக் காப்பிக்கடைக்காரர், எல்லாருக்குமே அது 'தீர்த்தகிரி கம்பெனி'தான்.

தீர்த்தகிரிதான் அதன் மேனேஜிங் டைரக்டர். அங்கமுத்து காரியதரிசி. தீர்த்தகிரியின் தங்கை செல்லியம்மாளைத்தான் அங்கமுத்து கட்டியிருந்தார். ஆகவே ஒருவர் மச்சான், ஒருவர் மாப்பிள்ளை. இரண்டு வீடுகளுக்கும் நடுவில் இரண்டே தெருக்கள்.

கம்பெனி யாருடைய யோசனை என்பதில் இருவருக்கும் இரண்டு கதைகள் இருந்தன. கம்பெனி வருவதற்கு முன்னால் வேலூர் வெற்றிலை கமிஷன் மண்டிக்காரர்கள் கையில் வடக்கே போய்க்கொண்டிருந்தது. பரிசலில் ஆற்றைக் கடந்து, அக்கரையில் ரயிலேறி, எந்தெந்த ஊருக்கோ போய், கடைசியில் 'பாதி அழுகிவிட்டது' என்று ஒரு கார்டு மட்டும் திரும்பி வரும். ஒருநாள் பரிசல் துறையில் அப்படி ஒரு கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, நாமே அனுப்பினால் என்ன என்று தீர்த்தகிரி கத்தினார். பத்துப் பேர் கேட்டார்கள். அதில் ஒருவர் அங்கமுத்து. மற்ற ஒன்பது பேரும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கமுத்து நாமக்கல்லில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். அவர் வீட்டுக்குப் போய்ச் சட்டப் புத்தகத்தைப் பிரித்தார்.

இப்படிப்பட்ட கம்பெனிக்கு ஏழு பேர் வேண்டும். மச்சானும் மாப்பிள்ளையும் போக, வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர்களில் நாலு பேர் சேர்ந்தார்கள். ஏழாவது ஆளைத் தேடி அலைந்து, புருஷன் போனபின் தானே கொடிக்கால் பார்த்துவந்த பாவாயியிடம் போய், அவள் கைநாட்டை வாங்கினார் அங்கமுத்து. கம்பெனியின் நோக்கங்களையும் விதிகளையும் அவரே எழுதி, வக்கீலிடம் காட்டித் திருத்தி, கட்டணம் கட்டி, சேலத்தில் கம்பெனிகளைப் பதிகிற ஆபீசில் பலமுறை காத்துக்கிடந்து, சான்றிதழை வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். பஸ்ஸடியில் ஊர் திரண்டிருந்தது. மாலை ஒன்றுதான் இருந்தது. அதைத் தீர்த்தகிரிக்குப் போட்டார்கள். மாப்பிள்ளைக்கு இரண்டு கையிலும் கண்ணாடி இருக்கிறது, மாலை போட்டால் கீழே போட்டுவிடுவார் என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அங்கமுத்துவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அன்றைக்கு முகத்தில் இழுத்த இழுப்பு அவருக்கு வெகுநாள் நினைவிருந்தது.

தீர்த்தகிரிக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். பங்குதாரர் ஜாபிதா, ஐந்தொகை, தீர்மானம் என்று வருஷா வருஷம் சேலத்துக்கு அனுப்ப வேண்டிய தாள்களை அங்கமுத்து எழுதி நீட்டுவார். "எங்கீங்க மாப்ள, இங்கீங்களா?" என்று கேட்டு, காட்டிய இடத்துக்கு ஒரு விரற்கடை தள்ளிக் கையெழுத்துப் போடுவார் மச்சான். பிறகு வாசலுக்குப் போய், வந்தவர்களிடம், நம் கம்பெனிக் கணக்கைச் சர்க்காருக்கே அனுப்பியாகிவிட்டது என்று பெருங்குரலில் சொல்வார். 'நான் கம்பெனி வெச்சப்போ' என்று அவர் பேச்சைத் தொடங்கும்போதெல்லாம் அங்கமுத்து உள்ளே பேனாவின் முள்ளைத் துடைத்துக்கொண்டிருப்பார். துடைக்க அதில் ஒன்றும் இருக்காது.

அவர் கவனிக்க ஆரம்பித்தார். இருவரும் சேர்ந்து நடந்தால் கும்பிடுகிற கை யார் பக்கம் திரும்புகிறது, யாரைக் கண்டு தோள்துண்டு கீழே இறங்குகிறது, பரிசலில் யாருக்கு இடம் ஒதுங்குகிறது என்றெல்லாம். தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்ட பிறகும் கவனிப்பதை நிறுத்த முடியவில்லை. மச்சானின் புதுச் செருப்பு கிரீச்சிடுவது அவருக்குத் தெருமுனையிலேயே கேட்டது.

ஒருமுறை தீர்த்தகிரி காய்ச்சலில் படுத்துவிட்டார். வெற்றிலை பிரிக்கிற கொட்டகையில் அங்கமுத்து உட்கார்ந்தார். இப்போதாவது பார்ப்போம் என்று அவர் மனதில் இருந்தது. வந்தவர்கள் வெற்றிலைக் கட்டுகளை இறக்கினார்கள். காய்ச்சல் விட்டதா, கஞ்சி குடிக்கிறாரா, ரசம் சாதமாவது இறங்குகிறதா என்று விசாரித்தார்கள். இலையை இவர் எந்தத் தரத்தில் வைக்கிறார் என்று நின்று பார்க்கக்கூட இல்லை. நம்பிக்கையில்தான் பார்க்காமல் போனார்கள். ஆனால் அது தன்மேல் வைத்த நம்பிக்கை இல்லை என்று அங்கமுத்துவுக்குத் தோன்றியது.

வீட்டிலும் தப்ப முடியவில்லை. செல்லியம்மாள் அடுத்த வீட்டுக்காரியிடம், எங்கள் அண்ணன் கம்பெனி என்று சொன்னதை ஒருநாள் கிணற்றடியில் கேட்டார். எந்தக் கம்பெனி என்று கேட்டபடியே போய் நின்றார். அவள் திகைத்துப் பார்த்தாள். நம்ம கம்பெனிதானுங்க என்றாள். அவளுக்கு அதில் வித்தியாசம் எதுவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். திருத்தப் புத்தகத்தைச் சேலத்திலிருந்து வரவழைத்து, ஒரு வரி விடாமல் படித்தார் அங்கமுத்து. வருஷாந்தரப் பொதுக்கூட்டத்துக்கு இத்தனை நாள் முன்னதாக நோட்டீஸ் போக வேண்டும். பதிவான விலாசத்துக்கு முறைப்படித் தபாலில் போட்டால் போதும், சேர்ந்ததாகவே கொள்ளப்படும். அந்த இடத்துக்கு வந்ததும் அவர் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலூர்ப் பக்கத்தில் ஒருவரை ஒரு காரியத்துக்கு அழைப்பதென்றால் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, நேரில் போய், கையில் கொடுத்துக் கூப்பிட வேண்டும். காதுகுத்தோ, கல்யாணமோ, புதுக்கிணற்றில் ஏற்றம் பூட்டுவதோ எதுவானாலும் அப்படித்தான். உள்ளூரிலேயே இருக்கிற உறவுக்காரனுக்குத் தபாலில் அழைப்புப் போனால், வராதே என்று சொன்னதாக அர்த்தம். கம்பெனிக் கூட்டத்துக்கும் இதுவரை அதுதான் நடைமுறை. அங்கமுத்து எழுதிய நோட்டீஸைத் தட்டில் விரித்து, அதன்மேல் வெற்றிலையை வைத்து, மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்தே வீடு வீடாகப் போவார்கள். நோட்டீஸை யாரும் படித்ததில்லை. வெற்றிலையை எடுத்துக்கொண்டு, எந்தக் கிழமை என்று மட்டும் கேட்பார்கள்.

அந்த வருஷம் மேனேஜிங் டைரக்டரின் பதவிக் காலம் முடிந்திருந்தது. கூட்டத்தில் மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும்.

தீர்த்தகிரி அக்கரைக்கு ரயிலடி வேலையாகப் போயிருந்த ஒரு காலையில், அங்கமுத்து தனியாகத் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஐந்து வீடுகளுக்கும் போனார். ஒவ்வொரு வீட்டிலும் வெற்றிலையைக் கொடுத்துவிட்டு, இந்த வருஷம் தன்னை மேனேஜிங் டைரக்டராக வைக்க வேண்டும் என்று கேட்டார். வெற்றிலை வைத்துக் கேட்டவரிடம் முடியாது என்று சொல்வது எப்படி? அதோடு, இது மச்சானும் மாப்பிள்ளையும் வீட்டுக்குள் பேசி முடித்த ஏற்பாடாக இருக்கும் என்று ஐந்து பேருமே நினைத்துக்கொண்டார்கள். வயதில் மூத்தவரான வெங்கடாசலம், உங்களுக்குள் எப்படியோ அப்படி என்று சொல்லி வெற்றிலையை மடியில் செருகிக்கொண்டார்.

ஆறாவது நோட்டீஸை அங்கமுத்து தபாலாபீசில் போட்டார். போட்டதற்குச் சான்றும் வாங்கிக்கொண்டார்.

அது தீர்த்தகிரிக்குப் போய்ச் சேர்ந்தது எப்படி என்பதைத் தபால்காரர் பிறகு காப்பிக்கடையில் சொன்னார். உறையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, யார் போட்டது என்று கேட்டாராம். உங்கள் கம்பெனியேதான் என்று இவர் சொல்ல, "ஏனுங்க, எங்க மாப்ள ஊர்ல இல்லீங்களா?" என்று கேட்டாராம். இருக்கிறார், இப்போதுதான் அவருக்கு ஒரு மணியார்டர் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றாராம் தபால்காரர். அதற்கப்புறம் தீர்த்தகிரி வெற்றிலைச் சீட்டுகளைக் குத்தி வைக்கிற கம்பியில் நோட்டீஸையும் குத்தி வைத்துவிட்டு, காலில் செருப்பைப் போட்டுக்கொண்டு கொடிக்காலுக்குப் போய்விட்டார்.

கூட்டத்துக்கு ஆறு பேர் வந்திருந்தார்கள். சுவரோரத்து நாற்காலி காலியாகக் கிடந்தது. பாவாயிதான் முதலில் கேட்டாள்.

"உங்க மச்சான் வரலீங்களா?"

"நோட்டீஸ் போயிருக்குதுங்க."

போயிருக்கிறது என்றால் கொண்டுபோய்க் கொடுத்தது என்றே அவள் எடுத்துக்கொண்டாள். தீர்மானம் வாசிக்கப்பட்டது. கைகள் உயர்ந்தன. எல்லாருக்கும் காப்பி வந்தது. அங்கமுத்து அந்தக் காலி நாற்காலியைப் பார்க்காமலே தீர்மானத்தை எழுதி முடித்தார். எழுத்து ஒரு இடத்திலும் கோணவில்லை.

வீட்டுக்குப் போனபோது செல்லியம்மாள் வாசற்படியில் நின்றிருந்தாள். செய்தி அவருக்கு முன்னால் வந்துவிட்டது.

"எங்கண்ணனைக் கூப்புடலீங்களாமா?"

"நோட்டீஸ் போட்டேன். சட்டப்படி அது போதும்."

"போட்டீங்களா, வெச்சீங்களா?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அன்று மத்தியானம் இலை போடச் சொன்னார். அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஒரு கார்டு போட்டு உடுங்க. வந்து சேந்ததும் வாரேன்."

கொஞ்சம் கழித்துச் சோறு வந்தது. ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கமாகத் தட்டில் வைத்து நீட்டுகிற வெற்றிலை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கொடிக்கால் வீட்டில் பிறந்தவள், சாப்பிட்ட கையோடு வெற்றிலை போடாமல் ஒருநாளும் இருந்திராதவள், அவர் வீட்டுக்குள் வெற்றிலையைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். அவள் சொந்த அண்ணனின் பெயரையும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம் என்று அங்கமுத்து நினைத்தார்.

டைரக்டர் மாற்றத்தைப் பதிவு செய்யச் சேலத்துக்கு அவரே போனார். குமாஸ்தா பழைய பெயரை ஒரு கோட்டால் அடித்துவிட்டுப் புதுப் பெயரை எழுதினபோது குனிந்து பார்த்தார். புதிதாகக் கடிதத் தாள் அச்சடித்தார். ரப்பர் முத்திரை செய்தார். இனிமேல் மாறிவிடும் என்று இருந்தார். ஒரு வாரத்துக்குள் காப்பிக்கடையில் யாரோ வெளியூர்க்காரனுக்கு வழி சொல்வது காதில் விழுந்தது.

"தீர்த்தகிரி கம்பெனிக்குத்தானே? நேரா போங்க. இப்ப அங்க அங்கமுத்து இருக்காரு."

ஏதோ குடியிருக்க வந்தவரைச் சொல்வதுபோல இருந்தது.

தபாலில் நோட்டீஸ் போன கதை மெல்ல எல்லாருக்கும் தெரிந்தது. பங்குதாரர்கள் யாரும் வந்து ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரிடம் பதில் இருந்தது. சட்டத்தில் பக்க எண்ணோடு இருந்தது. அவர்கள் கேட்காமலே, வெற்றிலை வருவதைக் குறைத்தார்கள். முதலில் வெங்கடாசலத்தின் வண்டி வரவில்லை. அப்புறம் பாவாயியின் கட்டுகள். விசாரித்தால் கொடிக்காலில் வாடல் விழுந்துவிட்டது, கிள்ள ஆள் இல்லை என்றார்கள். ஆனால் காலையில் பரிசல் துறைக்குப் போனால், வாழை மட்டையில் கட்டின அதே கட்டுகள் தீர்த்தகிரியின் ஆட்கள் தலையிலிருந்து பரிசலில் இறங்கிக்கொண்டிருக்கும். தீர்த்தகிரி யாரையும் போய்க் கேட்கவில்லையாம். பழையபடி அனுப்பித் தாங்க என்று கொண்டுவந்து இறக்கிவிட்டார்களாம். இதை அங்கமுத்துவிடம் சொன்னவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவருக்கு அது கேட்டுப் பிடுங்கியதைவிட மோசமாக இருந்தது.

கொட்டகையில் அகத்திச் சருகு பறந்தது. மேனேஜிங் டைரக்டர் நாற்காலியில் அங்கமுத்து உட்கார்ந்து, எதிரே பஸ் வருவதையும் போவதையும் பார்த்தார்.

வருஷம் திரும்பியது. மறுபடி பொதுக்கூட்டம் நடத்த வேண்டும், பங்குதாரர் ஜாபிதாவையும் ஐந்தொகையையும் சேலத்துக்கு அனுப்ப வேண்டும். இந்தமுறை அங்கமுத்து ஐந்து வீடுகளுக்கும் பளபளப்பான தட்டோடு போனார். எல்லாரும் பாயை விரித்தார்கள். மோர் கொடுத்தார்கள். வெற்றிலையையும் எடுத்துக்கொண்டார்கள். கூட்டத்தன்று ஒருவரும் வரவில்லை. ஐந்து பேர் இல்லாமல் கூட்டம் செல்லாது. ஒத்திவைத்த கூட்டத்துக்கும் ஐந்து பேர் வேண்டும் என்று விதிகளில் ஒரு வரி இருந்தது. அதைச் சேர்த்ததே அவர்தான். தான் இல்லாத நேரம் பார்த்துத் தீர்த்தகிரி இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஏதாவது தீர்மானம் போட்டுவிடக் கூடாது என்று அன்றைக்கு யோசித்திருந்தார்.

ஒத்திவைத்த கூட்டமும் அதேபோல் போயிற்று. அவர் பாவாயியிடம் போனார். அவள் கொடிக்காலுக்குள் அகத்தி நிழலில் கொடி கட்டிக்கொண்டிருந்தாள். கோரைக் கயிற்றை வாயில் கவ்வியபடியே கேட்டாள். கூட்டம் இல்லாவிட்டால் கம்பெனிக்கு அபராதம், அது எல்லாருக்கும்தான் நஷ்டம் என்று அவர் விளக்கினார். அவள் கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள்.

"நீங்க வெத்தல வெச்சீங்க, போன வருஷம் கை தூக்குனமுங்க. அது உங்களுக்கான மரியாதை. இப்ப உங்க மச்சான் வந்து நாற்காலில குக்கட்டும், நாங்க எல்லாரும் ஒட்டுக்கா வாரோம். அவரு இல்லாத எடத்துல போய்க் குக்கறதுக்கு எங்களுக்கும் மொகம் வேணுமில்லீங்களா?"

சேலத்திலிருந்து கடிதம் வந்தது. ஜாபிதா வரவில்லை, தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் உண்டு என்றிருந்தது. அதற்கு அவர் காரணம் எழுதி அவகாசம் கேட்டார். அடுத்த கடிதம், கம்பெனி நடக்கிறதா இல்லையா என்றே கேட்டது. அங்கமுத்து அன்றே பஸ் ஏறினார்.

குமாஸ்தா தெரிந்தவர்தான். நடக்காத கம்பெனியைப் பதிவிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று அவர் நிதானமாக விளக்கினார். கெஜட்டில் ஒரு அறிவிப்பு வரும். அதற்கப்புறம் கொஞ்ச காலம் பார்ப்பார்கள். பிறகு பெயரை அடித்துவிடுவார்கள். அங்கமுத்து தலையாட்டினார். அந்தக் கணத்தில் அவருக்கு ஏறத்தாழ நிம்மதியாகக்கூட இருந்தது. தான் எழுதியது, தானே மூடிவிட்டால் யாருக்கும் இல்லை.

குமாஸ்தா தாளை மடித்துக்கொண்டே, பேச்சோடு பேச்சாக இன்னொன்றையும் சொன்னார். போன வாரம் உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்திருந்தார், பெயர் வெங்கடாசலமாம். இந்தக் கம்பெனி பதிவிலிருந்து போய்விட்டால் இதே பெயரில் புதிதாக ஒன்று ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். ஆரம்பிக்கலாம், பெயர் அப்போது யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

"யாரை மேனேஜிங் டைரக்டரா போடறதாம்?" என்று கேட்டார் அங்கமுத்து.

அதை அவர் சொல்லவில்லை என்றார் குமாஸ்தா. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

நாமக்கல் தாண்டும் வரைக்கும் அங்கமுத்து ஜன்னலைப் பார்த்தே வந்தார். வண்டி சனத்தால் நெரிந்தது, யாரோ அவர் காலை மிதித்தார்கள், அவர் திரும்பவில்லை. மாலை போயிற்று. வெற்றிலை போயிற்று. வீட்டில் ஒரு வாய்ச் சிரிப்புப் போயிற்று. பெயர் மட்டும் அவருடையது. வேலூர், வெற்றிலை, வியாபாரம் என்று மூன்று 'வே, வெ, வி' வரும்படி வக்கீல் வீட்டு வாசலில் உட்கார்ந்து கோத்தது அவர். பெயிண்டரை ஏணியிலிருந்து இறங்கவிடாமல் எழுதவைத்ததும் அவர். அதே பலகையைக் கழற்றக்கூட வேண்டியிராது. அப்படியே விட்டுவிட்டு, அடியில் மச்சான் வந்து உட்கார்ந்துகொள்வார். அப்போது ஊர் பலகையைப் படித்தாலும் ஒன்றுதான், படிக்காவிட்டாலும் ஒன்றுதான்.

மறுநாள் காலையில் தட்டை எடுத்து, தானே புளி போட்டுத் துலக்கினார். கடையில் வெற்றிலை வாங்கிவந்து அடுக்கும்போது செல்லியம்மாள் அடுப்படி நிலையில் வந்து நின்றாள். எங்கே என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குனிந்து, பழுத்த இலை இரண்டை எடுத்துப் போட்டாள். மிச்சத்தைக் காம்பு ஒரே பக்கம் வருகிறமாதிரித் திருப்பி அடுக்கினாள்.

"நானும் வாரனுங்க," என்றாள்.

தீர்த்தகிரியின் வீட்டு முற்றத்தில் வெற்றிலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஈரச் சாக்கு வாசனையும் பச்சை இலை வாசனையும் தெரு வரை வந்தன. கொண்டுவந்து இறக்கியவர்கள் நாலைந்து பேர் ஓரமாக நின்றிருந்தார்கள். வெங்கடாசலமும் இருந்தார். அங்கமுத்துவைக் கண்டதும் பேச்சு நின்றது. அவர் எல்லாரையும் கடந்துபோய்த் தட்டை நீட்டினார். தங்கையைப் பார்த்து ஒருமுறை தலையசைத்த தீர்த்தகிரி, தட்டைப் பார்த்தார். மேலாக இருந்த இலையை எடுத்து, பழக்கத்தில், புரட்டி முதுகைப் பார்த்தார். நுனியை நகத்தால் தொட்டுப் பார்த்தார்.

"நம்ம வெத்தலதானுங்க மாப்ள. நேத்து வெங்கடாசலண்ணன் கொடிக்கால்ல கிள்ளுனது."

"கூட்டம் இருக்குதுங்க மச்சான். வரோணும்."

தீர்த்தகிரி அவசரப்படவில்லை. சுண்ணாம்பு தடவினார். பாக்கை வாயில் போட்டார். பிறகு கம்பியில் குத்தியிருந்த சீட்டுகளுக்கு நடுவே மஞ்சளாகிப்போன ஒரு தாளை விரலால் தட்டினார்.

"அப்ப போன வருசத்துக் கடுதாசிக்கு இனிப் பதில் போட வேண்டீதில்லீங்களே?"

முற்றத்தில் எல்லாரும் சிரித்தார்கள். செல்லியம்மாளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அங்கமுத்துவின் முகம் பழைய இடத்தில் இழுத்துக்கொண்டது. இரண்டு கையிலும் தட்டு இருந்தது.

கூட்டத்துக்கு ஏழு பேரும் வந்தார்கள். தீர்த்தகிரி நுழைந்தபோது மற்றவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் சுவரோரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மேனேஜிங் டைரக்டர் விஷயம் வந்தபோது வெங்கடாசலம் தொண்டையைச் செருமினார். அதற்குள் தீர்த்தகிரி கையைக் காட்டித் தடுத்துவிட்டார். மாப்பிள்ளையே இருக்கட்டும், எழுத்து வேலை யாரால் ஆகும், எனக்கு வெற்றிலை அனுப்பத்தான் தெரியும் என்றார். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. வெற்றிலை நாளை முதல் கம்பெனிக்கே வரும் என்றும் அவரே சொல்லிவிட்டார். அங்கமுத்து தீர்மானத்தை எழுதினார். ஐந்து பேரை வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கிய அதே நாற்காலியை ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தபோது, ஒரு சொல்லில் பேனா கோணிவிட்டது. அடித்துத் திருத்தி எழுதினார்.

ஜாபிதா, ஐந்தொகை, தாமதத்துக்கு விளக்கம், கட்டணம், அபராதம் எல்லாவற்றோடும் சேலம் போனார். குமாஸ்தா முத்திரை குத்தி ரசீது கொடுத்தார். பெயர் பதிவில் அப்படியே இருக்கும், வேறு யாரும் எடுக்க முடியாது என்று உறுதி சொன்னார். அங்கமுத்து அதை இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். ரசீதை உள்பையில் வைத்து, மேலே கையை வைத்தபடியே திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்தார். இத்தனை நாளில் முதல்முறையாக நெஞ்சு லேசாக இருந்தது. ஜேடர்பாளையத்துக் கரும்பு வண்டிகள் வழிவிடாமல் போனபோதுகூட டிரைவரோடு சேர்ந்து சிரித்தார்.

வேலூர்க் கடைவீதியில் பஸ் வேகம் குறைந்தது. ஜன்னலில் பலகை தெரிந்தது. வெயிலில் எழுத்து கொஞ்சம் வெளுத்திருந்தாலும் 'லிமிடெட்' வரைக்கும் நன்றாகப் படிக்க முடிந்தது. அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினான்.

"தீர்த்தகிரி கம்பெனி! தீர்த்தகிரி கம்பெனியெல்லாம் எறங்கிக்குங்க!"

நாலைந்து பேர் இறங்கினார்கள். கண்டக்டர் அவரைப் பார்த்து, நீங்களும் இங்கேதானே என்று கேட்டான்.

இல்லை என்றார் அங்கமுத்து. மறுபடி உட்கார்ந்துகொண்டார். ஆற்றங்கரை வரைக்கும் போய் இறங்கி, உள்பையில் கையை வைத்தபடி, வந்த வழியே திரும்பி நடந்தார்.